காலி என்று எழுதிய பீப்பாய்

“காலி என்று எழுதக் கூடாது. 1957, மாசி.”

ஜூஜுவாடியில் நான் வைத்திருந்த பட்டறையின் தகரக் கதவுக்கு உள்பக்கம் இந்த ஒரு வரி சிவப்பு பெயின்டில் இருக்கிறது. கையெழுத்து என்னுடையது. இப்போது அந்த இடத்தை வாடகைக்கு எடுத்து கேட், கிரில் செய்யும் தம்பிகள் இருவர் போன வாரம் என்னைத் தேடி வந்தார்கள். “காலிப் பசங்க யாராச்சும் கதவுல கிறுக்குனாங்களா சார்? அவங்களை மெரட்டி எழுதுனதா?” என்றான் ஒருவன். இல்லை தம்பி, அது உங்களுக்கு எழுதியது. உங்களுக்குச் சொல்ல இத்தனை நாள் ஆகிவிட்டது.

கம்பெனியில் வேலை செய்கிறவனைக் கவனிக்க மேலே ஆள் உண்டு. வீட்டோடு பட்டறை வைத்தவனுக்குச் சமையல்கட்டிலிருந்து வரும் திட்டு ஒன்றுதான் காவல். ஆகவே நான் எழுதுவது வீட்டுப் பட்டறைக்காரர்களுக்கு. சட்டியை எப்படி ஒட்டுவது, கம்பி எந்தக் கனம் என்பதெல்லாம் கை பழகினால் வரும். எதைத் தொடாமல் இருப்பது, எப்போது நெருப்பை அணைப்பது என்பது கைப்பழக்கத்தில் வருவதில்லை. அதற்கு ஒரு சம்பவம் வேண்டும். என்னிடம் ஒன்று இருக்கிறது.

அன்று நாமெல்லாம் சேலம் ஜில்லா. அத்திப்பள்ளி தாண்டினால் மைசூர் ராஜ்யம். எல்லைக்கு இந்தப் பக்கம், மெட்ராஸ் ரோட்டை ஒட்டிய ஒரு வாடகை வீட்டின் பின்னால் தகரம் போட்டு நானும் சின்னசாமியும் பட்டறை வைத்தோம். இருவரும் ஒரே வயது. பெங்களூரில் ஒரு லாரி பட்டறையில் ஒன்றாக வேலை பழகியவர்கள். நான் கிருஷ்ணகிரிக்காரன், பக்கத்து வீடுகளில் கேட்டே தெலுங்கும் கன்னடமும் காதில் ஏறிவிட்டன. சின்னசாமி சேலத்துக்குத் தெற்கே. பெங்களூரில் ஐந்து வருடம் இருந்தும் தமிழைத் தவிர வேறொன்றும் பேச மாட்டான். யார் எந்தப் பாஷையில் என்ன சொன்னாலும் அதில் தனக்குத் தெரிந்த ஒரு தமிழ் வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தலையாட்டிவிடுவான். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். எதை எழுதினாலும் தேதி போடும் என் பழக்கத்துக்காக என்னைப் பஞ்சாங்கம் என்றே கூப்பிடுவான்.

மத்திகிரிப் பக்கத்துப் பால் கேன், லாரி மட்கார்டு, கிணற்று வாளி, ஏர்க்கொழு இவைதான் எங்கள் வேலை. வீட்டுக்குப் பின்னால் திறந்த முற்றம். சுவரோரம் கார்பைடு டேங்க். கார்பைடு கல்லில் தண்ணீர் சொட்டி கேஸ் உண்டாகும் தகர டேங்க் அது. முற்றத்தின் நடுவில் ஒரு வேப்பமரம். ஆக்சிஜன் சிலிண்டரை அதில் சங்கிலி போட்டுக் கட்டியிருப்போம். இரண்டிலிருந்தும் ரப்பர் குழாய் வந்து வெல்டிங் டார்ச்சில் சேரும். இந்த அமைப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அந்த மாசியில் ஒரு நாள் காலை நான் கார்பைடு வாங்க பஸ் ஏறி ஓசூர் போயிருந்தேன். அப்போது ராமக்கா வந்தார். பக்கத்துக் கிராமத்தில் நிலபுலன் உள்ள தெலுங்குக் குடும்பத்தின் மூத்த மருமகள். குரல் வண்டிக்கு முன்னால் வரும். மாட்டு வண்டியில் பெரிய இரும்புப் பீப்பாய் ஒன்று. பெங்களூரில் ராணுவத்துப் பழைய சாமான்களை ஏலம் விட்டார்களே, அங்கிருந்து வந்த உருப்படி. நடந்த பேச்சைச் சின்னசாமி பிறகு எனக்கு அப்படியே நடித்துக் காட்டினான்.

“ஏப்பா, இதை ரெண்டா பொளந்து குடு. மாட்டுக்குத் தண்ணித் தொட்டி ஆவட்டும்.”

“உள்ள என்னக்கா இருக்குது?”

“காலிதான் இருக்குது.”

“காலின்னா ரொம்ப நல்லது. சாயந்திரமே எடுத்துக்கலாம்.”

ராமக்கா அவனை மேலும் கீழும் பார்த்தாராம். “நல்லதா? உனக்கு பயமா இல்லியா?”

“காலிக்கு என்னக்கா பயம்?”

“நீதான்யா ஆம்பள. எங்க ஊட்ல இருக்கறதுங்க எல்லாம் தொடை நடுங்குதுங்க” என்று சொல்லிவிட்டு, அத்திப்பள்ளி சந்தைக்கு வண்டியை விடச் சொல்லிப் போய்விட்டார்.

சின்னசாமி கவனமில்லாதவன் அல்ல. பீப்பாயை ஆட்டிப் பார்த்தான், சலசலப்பு இல்லை. மூடியைத் திருகிப் பார்த்தான், துருவேறி இறுகியிருந்தது. மூடியில் மூக்கை வைத்துப் பார்த்தான்; துரு வாசனைதான். உடையவளே காலி என்று சொன்னாள், பீப்பாயும் அதையே சொல்கிறது. வேலைக்கு வரும் பாத்திரத்தில் இன்னது இருந்தது என்று சாக்பீஸில் எழுதுவது எங்கள் பட்டறை வழக்கம். அதன்படி வயிற்றில் பெரிய எழுத்தில் “காலி” என்று எழுதினான். டார்ச்சைக் கொளுத்தினான்.

நான் திரும்பி வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. கார்பைடு டின்னைச் சமையல்கட்டில் வைத்துவிட்டு முற்றத்துக்கு வந்தேன். வாசற்படி ஓரம் இருபது வயது மதிக்கத்தக்க பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு பீப்பாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. பீப்பாய்க்கு அந்தப் பக்கம் சின்னசாமி கறுப்புக் கண்ணாடி போட்டு, குத்த வைத்து, டார்ச்சின் சுடரைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

“யாரும்மா நீங்க?”

“நாகம்மா. ராமக்காவோட சின்ன ஓரகத்தி.”

“அவங்களோட சந்தைக்குப் போவலியா?”

“இல்ல. நான் அவரு கூட வந்தேன்.”

வண்டிக்காரனைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். “அவரு எங்க?” என்று கேட்டேன். அவள் மோவாயால் பீப்பாயைக் காட்டினாள்.

“மத்தியானம் ஆவுது. இப்போ தட்டுவாரு. எப்பவும் ரெண்டு தட்டுதான்.”

அந்த முகத்தில் பித்தின் அடையாளம் எதுவும் இல்லை. பஸ் எப்போது வரும் என்று சொல்கிறவளின் முகம்.

அவள் பீப்பாயின் மேல் இருந்த எழுத்தைக் காற்றில் விரலால் வரைந்து படித்தாள். “கா... லி.” படித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். “நீங்களே எழுதி வெச்சிட்டீங்க. எங்க ஊட்ல அது அவருதான்னு நான் சொன்னா யாரும் ஒத்துக்க மாட்டாங்க.”

அவள் வாயில் அந்த வார்த்தை வேறு வார்த்தையாக இருந்தது. நமக்குக் ‘கல்’லுக்கும் ‘கங்கை’க்கும் ஒரே ககரம்தான், எழுத்தில் வித்தியாசம் தெரியாது. சின்னசாமி எழுதியது கல்லின் ககரம். அவள் படித்தது கங்கையின் ககரம். தெலுங்கில் அப்படிச் சொன்னால் அது காற்று. நம் ஊரில் ‘காத்து கருப்பு’ என்கிறோமே, அந்தக் காற்றும் அதுதான்.

ராமக்கா காலையில் என்ன சொல்லியிருப்பார் என்பது அந்த நொடியில் எனக்குப் புரிந்துவிட்டது. பீப்பாய் வெறுமையாக இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. அதற்குள் ஒன்று இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். அவர் மனதில் இருந்தது பேய். பேயோ வேறெதுவோ, மூடி இறுகிய இரும்புக்குள் இருக்கும் ஒன்று தினமும் வெயில் ஏறும்போது தட்டுகிறது என்றால், வெல்டிங்காரன் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறான். தமிழும் இந்த விஷயத்தில் சும்மா இல்லை. உலையில் எழுவதும் ஆவி, செத்தவர் எழுந்தாலும் ஆவி. அடியில் ஒரு கை பெட்ரோல் கசண்டு ஒட்டியிருந்தால் போதும். ஆட்டினால் சத்தம் வராது. உள்ளே இருக்கும் இடமெல்லாம் ஆவியாக நிற்கும்.

சின்னசாமியின் சுடர் நீலமாகக் கூராகிவிட்டது. அவன் அதைப் பீப்பாயின் பக்கம் திருப்பினான்.

இங்கேதான் நீங்கள் நிறுத்திப் படிக்க வேண்டும். எனக்கு முன்னால் மூன்று வழிகள் இருந்தன. கத்தலாம். டார்ச் இரையும்போது அவனுக்குப் பாதி காது கேட்காது, கேட்டாலும் “என்னடா?” என்று சுடரோடு திரும்புவான், சுடர் எங்கே படும் என்று சொல்ல முடியாது. கைக்கெட்டிய தூரத்தில் வேப்பமரத்து ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தது, அதை மூடலாம். மூடினால் நீலச் சுடர் போய், புகையோடு நீளமான மஞ்சள் நெருப்பு நிற்கும். அதுவும் நெருப்புதான், இன்னும் பெரிய நாக்கு. மூன்றாவது வழி சுவரோரம் தள்ளி இருந்த கார்பைடு டேங்க். கேஸை நிறுத்தினால் எரிவதற்கு எதுவும் இருக்காது. கிட்டே இருப்பதை விட்டுவிட்டு எட்ட இருப்பதற்குப் போக வேண்டும். ஓடினேன். குழாயைத் திருகி மூடினேன்.

டப் என்று சுடர் அணைந்தது.

“எவன்டா கேஸை மூடினது?” சின்னசாமி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான். “பஞ்சாங்கம்! இப்போ என்ன ராகு காலமா?”

“பீப்பாயை விட்டு இந்தாண்ட வா.”

“எதுக்கு? காலிதான்டா. அந்தம்மாவே...”

டொக்.

உள்ளிருந்து வந்தது. முட்டியால் கதவைத் தட்டுவதுபோல் மெலிதாக, மரியாதையாக. சின்னசாமி அப்படியே நின்றான். கையில் அணைந்த டார்ச்.

நாகம்மா எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். நாங்கள் மூவரும் அடுத்ததற்குக் காத்திருந்தோம். ரோட்டில் ஒரு லாரி போய் ஓய்ந்தது.

டொக்.

அவள் தெலுங்கில், வீட்டுக்குள்ளிருந்து வெளியே நிற்பவரிடம் சொல்வதுபோல், மிகச் சாதாரணமாகச் சொன்னாள்: “கதவு தொறந்துதான் இருக்குது.”

அவள் என்ன சொன்னாள் என்று சின்னசாமி என்னைக் கேட்டான். சொன்னேன். வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

அவள் புருஷன் லாரி டிரைவர். பீப்பாயை ஏலத்தில் எடுத்துத் தன் லாரியிலேயே கொண்டுவந்து, மாட்டுக் கொட்டகை ஓரம் வெயில் விழும் இடத்தில் இறக்கிவிட்டு, மறுபடி பெங்களூர் போனவன். அங்கே காய்ச்சல் கண்டு இறந்தான். அண்ணன் மட்டும் போய்க் காரியத்தை அங்கேயே முடித்துவிட்டு வந்தார். இவள் அவன் முகம் பார்க்கவில்லை. வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவன் கதவை இரண்டு தட்டுத் தட்டுவானாம். அவன் போன பிறகு பீப்பாய் தட்ட ஆரம்பித்தது. வேலையாட்கள் கொட்டகைக்குள் பால் கறக்க வர மறுத்தார்கள். இவள் மட்டும் தினமும் உச்சி வேளையில் சோற்றுத் தட்டோடு அதன் எதிரில் போய் உட்கார்ந்தாள். அதனால்தான் ராமக்கா அதைப் பிளக்கக் கொண்டுவந்தார்.

பீப்பாய்க்கு மேலும் கீழுமாக இரண்டு தட்டையான முகங்கள். வெயிலில் உள்ளே ஆவி விரியும்போது இளைத்த முகம் முதலில் வெளியே புடைக்கும். கனத்த முகம் சற்றுப் பொறுத்துப் புடைக்கும். இரண்டு தட்டு. நான் இதை அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. “அம்மா, இதைத் தொறக்கப் போறோம். நீங்க எட்ட இருங்க” என்றேன்.

“வெட்டாதீங்க” என்றாள்.

“இன்னிக்கு வெட்ட மாட்டோம்.”

கேஸ் டேங்கையும் சிலிண்டரையும் பார்த்து இறுக்கி மூடினேன். உள்ளே போய் அடுப்பை அணைத்தேன். சின்னசாமி பீடிக்கட்டை இடுப்பிலிருந்து எடுத்துத் தானாகவே தெருப்பக்கம் வீசினான். ஈரச் சாக்கைப் போர்த்தி, பீப்பாயை வேப்பமரத்து நிழலுக்கு உருட்டினோம். மூடியின் ஓரத்தில் எண்ணெய் விட்டு ஊறவிட்டோம். சுத்தியலை எடுக்கவில்லை, இரும்பும் இரும்பும் மோதினால் பொறி. பித்தளைக் கட்டை ஒன்றை வைத்து, மரத்துண்டால் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டினோம்.

மூடி அசைந்ததும் அது மூச்சு விட்டது. வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. தூங்குகிறவர் புரண்டு படுக்கும்போது விடுகிற நீண்ட பெருமூச்சு. சின்னசாமி “முருகா” என்று பின்னால் போனான். முற்றம் முழுக்கப் பெட்ரோல் வாசனை எழுந்தது.

எட்ட இருக்கச் சொன்னவள் எப்போது கிட்டே வந்தாள் என்று தெரியாது. கண்ணை மூடி அந்த வாசனையை இழுத்தாள். “அவரு சட்டை வாசன” என்றாள். பிறகு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, வந்ததிலிருந்து முதன்முறையாக, அழுதாள்.

ராமக்கா சந்தையிலிருந்து திரும்பியபோது பீப்பாய், அந்த மூடியும் பக்கத்துச் சின்ன மூடியும் திறந்து, விளிம்பு வரை தண்ணீரோடு நின்றது. சின்னசாமி அவரை வாசலிலேயே மறித்தான்.

“ஏங்க்கா, காலின்னு சொன்னீங்களே!”

“காலிதான்யா சொன்னேன்.” கங்கையின் ககரம், அழுத்தமாக. “உன்ன மாதிரி தைரியசாலிய நான் பாத்ததே இல்ல. காலியா, ரொம்ப நல்லதுன்னியே!”

“நான் வெறும் பீப்பான்னு நெனச்சேங்க்கா!”

“காது உன்னுதா, என்னுதா?” என்றார். ஆனால் நான் நடந்ததைச் சொன்னதும் அவர் குரல் வண்டிக்குப் பின்னால் போய்விட்டது. சின்னசாமியின் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓரகத்தியைக் கூட்டிக்கொண்டு போனார்.

தம்பிகளே, இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூடியிருக்கும் எந்தப் பாத்திரமும் வெறுமையானது அல்ல. என்ன இருந்தது என்று தெரியாவிட்டால் ‘தெரியாது’ என்று எழுதுங்கள். மூக்கை நம்பாதீர்கள். சலவைச் சோடா கரைத்த தண்ணீர் விட்டுக் கழுவி, எல்லாத் திறப்பும் திறந்து, வெட்டுகிற கோடு வரை தண்ணீர் நிரப்பிய பிறகே நெருப்பு. அதற்கும் மனம் ஒப்பவில்லையா, வேலையைத் திருப்பி அனுப்புங்கள். முக்கியமாக, வேலை கொண்டுவருகிறவர் சிரிப்புக்கிடமாக ஒன்று சொன்னாலும், பேய் என்றே சொன்னாலும், அவர் எதைக் கேட்டு, எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறார் என்று கேளுங்கள். அவர் வைத்த பெயர் தப்பாக இருக்கலாம். கேட்ட சத்தம் தப்பாக இருக்காது. காலி என்ற வார்த்தையே அரபியிலிருந்து உருது வழியாக நம்மிடம் வந்தது என்று பிறகு ஓர் அகராதியில் பார்த்தேன். எங்கிருந்தோ வந்த வார்த்தைக்கு என் கூட்டாளியைக் கொடுத்திருப்பேன். சின்னசாமி அதன் பிறகு அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. டீ கிளாசை நீட்டும்போதுகூட “தீந்துடுச்சு” என்பான்.

ஊறப்போட்டு, பலமுறை கழுவி, கொஞ்ச நாள் கழித்துத் தண்ணீர் நிறைத்துத்தான் பீப்பாயைப் பிளந்தோம். சின்னசாமி வெட்டினான், நான்தான் கேஸ் குழாயின் பக்கத்தில் நின்றேன். உள்ளே துருவும் ஒரு கை கறுப்பு மண்டியும் தவிர வேறெதுவும் இல்லை. இரண்டு தொட்டியும் அதே கொட்டகை ஓரத்துக்குப் போயின.

பங்குனியில் ராமக்கா ஒரு வாளிக்குப் பிடி போட வந்தார். போகும்போது திரும்பி நின்று கேட்டார்.

“தொட்டி எப்படி இருக்குதுன்னு கேக்க மாட்டியா?”

“ஒழுகுதா?”

“ஒழுகல. மாடு குடிக்குது. நேத்தும் மத்தியானம் ரெண்டு தட்டு.”

திறந்த தொட்டி. அதில் தண்ணீர் நிறைந்து நிற்கிறது. புடைக்க முகமும் இல்லை, புடைக்க வைக்கக் காற்றும் இல்லை. இரும்பைப் பற்றி எனக்குத் தெரிந்தவரை அது தட்ட முடியாது. கொட்டகைக்குத் தகரக் கூரையா என்று கேட்டேன். கீற்றுதான் என்றார்.

“நாகம்மா எங்க இருந்துச்சு அப்போ?”

“கொட்டாய்லதான். சோத்துத் தட்டோட.”

“அந்தப் பொண்ணே தட்டியிருக்கலாம் இல்லியா?”

ராமக்கா வாளியை இடுப்பில் ஏற்றிக்கொண்டார். “இருக்கலாம். நான் எட்டிப் பாக்கல. நீ வேணா வந்து பாரு.”

நான் போகவில்லை. அந்த ஊர் வழியாகப் பலமுறை சைக்கிளில் போயிருக்கிறேன். உச்சி வேளையில் மட்டும் போனதில்லை. அந்தத் தட்டல் நாகம்மாவின் முட்டியா, வேறெதாவதா என்பது நான் சரிபார்க்காத செய்தி. ராமக்கா சொன்னது, நான் கேட்டது, அவ்வளவே. பங்குனியில் கேட்டதைக் கதவில் எழுதாமல் விட்டதும் அதனால்தான்.